பாட்டி வைக்கும் பரீட்சை!

மாமல்லபுரம் போயிருக்கிறீர்களா குட்டீஸ்? கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் சங்கும் சிப்பி மாலையும் விற்கும் கடைகள் இருக்கின்றன அல்லவா? அங்கே கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பிரான்ஸ், ஜெர்மனி, ஜப்பான் என்று எந்தெந்த நாட்டுக்காரர்களோ தொப்பியும் கேமராவுமாக நடந்து போவார்கள். 2022-ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இங்கே செஸ் ஒலிம்பியாட் நடந்தது. வேட்டி கட்டிய 'தம்பி' குதிரை ஊரெல்லாம் கைகூப்பி நின்றதே, அந்தப் போட்டிதான்! 180-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆட்டக்காரர்கள் வந்திருந்தார்கள்.

இத்தனை பேரும் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தார்கள்?

பல்லவர் காலத்தில் மாமல்லபுரமே ஒரு துறைமுகம். வெளியூர்க்காரர்கள் கப்பலில் வந்து இறங்கினார்கள். இன்றைக்கு அந்த வாசல் கடற்கரையில் இல்லை. ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வடக்கே, மீனம்பாக்கத்துக்கும் திரிசூலத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே இருக்கிறது. ஆமாம், சென்னை விமான நிலையம்தான்!

விமானத்தைப் பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். இன்று விமானத்தை விட்டுவிடுவோம். அதில் ஏறும் முன் நாம் நுழைகிறோமே, 'டெர்மினல்' என்கிற முனையக் கட்டடம், அதைச் சுற்றிப் பார்ப்போம். சும்மா பார்க்கப் போவதில்லை. அதற்கு ஒரு பரீட்சை வைக்கப் போகிறோம்!

பரீட்சை இதுதான்...

செங்கல்பட்டில் ஒரு பாட்டி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பாட்டி மாதிரியே. தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். முழங்கால் வலி உண்டு. இதுவரை விமானம் ஏறியதே இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் அத்தை வீட்டுக்குத் தனியாகப் புறப்படுகிறார்.

இந்தப் பாட்டி வாசலில் நுழைவதில் தொடங்கி விமானத்தில் உட்காரும் வரை பயப்படாமல், தவிக்காமல், வழி தவறாமல் போக முடிந்தால் அந்தக் கட்டடம் பாஸ். முடியாவிட்டால்? எத்தனை கோடியில் கட்டியிருந்தாலும், எவ்வளவு பளபளத்தாலும் ஃபெயில்தான்!

கல்கோடரி கிடைத்த இடம்

பாட்டி செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறிவிட்டார். கொளவாய் ஏரியைத் தாண்டி, வண்டலூர், தாம்பரம், பல்லாவரம் வழியாக வண்டி திரிசூலம் வந்து நிற்கிறது. எதிரே ஜி.எஸ்.டி. சாலை. அந்தப் பக்கம் விமான நிலையம்.

அவர் இறங்கி வருவதற்குள் இந்த இடத்தைப் பற்றி ஒரு விஷயம். 1863-ஆம் ஆண்டு ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற புவியியல் அறிஞர் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது சாதாரணக் கல் இல்லை. கற்கால மனிதன் செதுக்கிய கைக்கோடரி! இந்தியாவில் கற்கால மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதை உலகத்துக்குக் காட்டியது அந்தக் கல்தான்.

அதற்கு 47 ஆண்டுகள் கழித்து, 1910-இல், அதே பல்லாவரத்தில் ஒரு விமானம் பறந்தது. சென்னையில் ஹோட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்பவர் இங்கேயே செய்த சின்ன விமானம் அது. பல்லாவரத்தில் பறந்து பார்த்துவிட்டு, தீவுத்திடலில் மக்களுக்குப் பறந்து காட்டினார். ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்து ஏழே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன!

கல்கோடரியும் விமானமும் ஒரே ஊரில். ஆச்சரியமாக இருக்கிறது அல்லவா?

19 கால்பந்து மைதானம்!

பாட்டி போகப்போவது புதிய ஒருங்கிணைந்த முனையத்துக்கு. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி இதைத் திறந்து வைத்தார். செலவு 1,260 கோடி ரூபாய். எல்லா மாடிகளையும் சேர்த்தால் பரப்பளவு 1 லட்சத்து 36 ஆயிரம் சதுர மீட்டருக்கும் மேல். அதாவது 19 கால்பந்து மைதானங்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தது மாதிரி.

இது வருவதற்கு முன் இந்த விமான நிலையம் ஆண்டுக்கு 2 கோடியே 30 லட்சம் பயணிகளைச் சமாளிக்கும் அளவில் இருந்தது. அதை 3 கோடியாக உயர்த்துவதற்காகவே இந்தக் கட்டடம். 3 கோடியை 365 ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 82 ஆயிரம் பேருக்கு மேல் வருகிறது. ஒரு சின்ன நகரமே தினமும் பெட்டி படுக்கையோடு வந்து போவது போல!

உள்ளே நம் ஊர் அழகுகளைக் கொண்டுவந்திருக்கிறார்கள். கோலம், சேலை, கோயில்கள் என்று தமிழ்நாட்டின் அடையாளங்கள் வடிவமைப்பில் இடம் பெற்றிருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகிறவர் 'நாம் வந்திருப்பது தமிழ்நாட்டுக்கு' என்று பார்த்ததும் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

அழகுக்கு மார்க் கொடுத்துவிடலாம். ஆனால், பாட்டிக்கு முக்கியமானது வேறு. "நான் இப்போ எந்தப் பக்கம் போகணும்?"

ஊர்ப் பக்கம், வான் பக்கம்

உலகத்தின் எந்த விமான நிலையத்தை எடுத்துக்கொண்டாலும் அதற்கு இரண்டு பக்கங்கள் உண்டு. ஒன்று ஊர்ப் பக்கம். கார், பேருந்து, ரயில், வழியனுப்ப வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் இங்கே. மற்றொன்று வான் பக்கம். விமானங்களும் சோதனை முடிந்த பயணிகளும் மட்டும் அங்கே. இரண்டுக்கும் நடுவே நிற்கும் சல்லடைதான் முனையக் கட்டடம். யாரும், எந்தப் பொருளும் சோதிக்கப்படாமல் ஊர்ப் பக்கத்திலிருந்து வான் பக்கம் போகக் கூடாது. இது முதல் விதி.

புறப்படுகிறவர்களும் வந்து இறங்குகிறவர்களும் ஒருவர் மேல் ஒருவர் மோதக் கூடாது. இது இரண்டாவது விதி. அதனால்தான் பெரிய முனையங்களில் புறப்பாட்டை மேல் தளத்திலும் வருகையைக் கீழ்த் தளத்திலும் வைக்கிறார்கள். கோயில் திருவிழாவில் போகும் வரிசைக்கு ஒரு கயிறு, வரும் வரிசைக்கு ஒரு கயிறு கட்டுவார்கள் இல்லையா? அதே யோசனைதான். இங்கே கயிற்றுக்குப் பதில் மாடி!

வாசலில் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் காட்டிவிட்டுப் பாட்டி உள்ளே போகிறார். வழியனுப்ப வந்த நீங்கள் வெளியே நிற்கிறீர்கள். இனி பாட்டிக்குத் துணை கட்டடம்தான்.

மஞ்சள் பலகை

முதல் துணை, வழிகாட்டிப் பலகை. சென்னையில் தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் எழுதியிருக்கிறார்கள். பாட்டிக்கு அப்பாடா என்று இருக்கும். ஆனால், சிங்கப்பூரிலிருந்து மாமல்லபுரம் பார்க்க வரும் ஒரு சீனப் பாட்டிக்கு இந்த மூன்றுமே தெரியாவிட்டால்?

அதற்குத்தான் படங்கள். பெட்டி படம் போட்டிருந்தால் பெட்டி எடுக்கும் இடம். மேல் நோக்கிய விமானம் என்றால் புறப்பாடு, கீழ் நோக்கிய விமானம் என்றால் வருகை. 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இப்படி 34 படக் குறியீடுகளை ஒரு தொகுப்பாக வரைந்து வெளியிட்டார்கள். 1979-இல் அது 50 ஆனது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். இன்று உலகம் முழுவதும் கழிப்பறைக் கதவுகளில் இருக்கும் ஆண், பெண் படங்கள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

நெதர்லாந்தில் ஸ்கிப்போல் என்று ஒரு விமான நிலையம். அங்கே 1967-இல் பென்னோ விஸ்ஸிங் என்ற வடிவமைப்பாளர் வழிகாட்டிப் பலகைகளுக்கு மஞ்சள் நிறம் கொடுத்தார். கடை விளம்பரங்களுக்கு நடுவிலும் பளிச்சென்று கண்ணில் பட வேண்டும் என்பதுதான் நோக்கம். மஞ்சளும் கருப்பும் இன்று எத்தனையோ விமான நிலையங்களுக்குப் பரவிவிட்டன.

பெட்டிக்குத் தனிப் பயணம்

பாட்டி இப்போது செக்-இன் கவுன்ட்டரில் நிற்கிறார். பெட்டியை எடை போடுகிறார்கள். ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது உலகின் பெரும்பாலான விமான நிலையங்களில் விதி. ஏன் தெரியுமா? விமானத்துக்காக மட்டும் இல்லை. அந்தப் பெட்டியைத் தூக்கி ஏற்றும் தொழிலாளியின் முதுகுக்காக!

பெட்டியின் கைப்பிடியில் ஒரு நீளமான காகிதம் ஒட்டுகிறார்கள். அதில் கருப்புக் கோடுகளும் 10 இலக்க எண்ணும் இருக்கும். நடுவில் உள்ள மூன்று இலக்கங்கள் எந்த விமான நிறுவனம் என்பதைச் சொல்லும். கடைசி ஆறு இலக்கங்கள் அந்தப் பெட்டிக்கான எண். நமக்குப் பெயர் மாதிரி பெட்டிக்கு இது பெயர்.

அடுத்த நொடி பெட்டி கன்வேயர் பெல்ட்டில் ஏறி ஒரு ஓட்டைக்குள் மறைந்துவிடும். உள்ளே எக்ஸ்ரே கருவி அதைப் பார்க்கிறது. கருவியின் திரையில் உணவு, துணி, காகிதம் எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். உலோகம் நீல நிறத்தில் தெரியும். சந்தேகம் இல்லாத பெட்டி நேராகப் போகும். சந்தேகம் வந்தால் தனிப் பாதையில் திரும்பும். கருப்புக் கோடுகளைப் படித்து, இது சிங்கப்பூர், இது துபாய், இது கொழும்பு என்று பிரித்து அனுப்புவார்கள். பாட்டி மேலே நடக்க, பெட்டி கீழே நடக்க, இரண்டும் ஒரே விமானத்தில் போய்ச் சேர வேண்டும்!

பாட்டி அத்தைக்குப் போட்ட மாங்காய் ஊறுகாய் அந்தப் பெரிய பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. நல்ல வேளை! கைப்பையில் வைத்திருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள்.

வளையலைக் கண்டுபிடிக்கும் வாசல்

பாஸ்போர்ட் சோதனை முடிந்து, பாதுகாப்புச் சோதனை. இங்கே மத்திய தொழில் பாதுகாப்புப் படையினர் நிற்கிறார்கள். கைப்பை ஒரு தட்டில் எக்ஸ்ரேக்குள் போகிறது. பாட்டி ஒரு கதவு நிலை போன்ற வாசலைக் கடக்கிறார். 'பீப்' என்று சத்தம்! பாட்டி திடுக்கிட்டுப் போகிறார்.

ஒன்றும் இல்லை. பாட்டியின் வளையல்தான் காரணம். அந்த வாசலில் சுருள் கம்பிகள் இருக்கின்றன. அவை காந்தப் புலத்தை மாற்றி மாற்றி உண்டாக்குகின்றன. உலோகம் உள்ளே வந்தால் அதில் மிகச் சிறிய மின்னோட்டம் ஏற்படும். அதைக் கருவி உணர்ந்து சத்தம் போடும். இரும்பு மட்டும் இல்லை. காந்தம் இழுக்காத தங்கம்கூட அகப்பட்டுவிடும். பெண் பயணிகளைத் திரை மறைவில் பெண் காவலர்தான் சோதிப்பார். பயப்பட எதுவும் இல்லை என்று பாட்டிக்கு முன்பே சொல்லி அனுப்புங்கள்.

வெளிநாட்டு விமானத்தில் கைப்பையில் 100 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட பாட்டிலில் திரவம் கொண்டுபோக முடியாது. 2006-ஆம் ஆண்டு லண்டனில் திரவ வெடிபொருள் சதி ஒன்று கண்டுபிடிக்கப்பட்ட பிறகு வந்த கட்டுப்பாடு இது.

முழங்காலுக்கு மரியாதை

பெரிய முனையத்தில் நடை அதிகம். பாட்டியின் முழங்கால் என்ன ஆகும்?

இதற்குத்தான் லிஃப்ட், நகரும் படி, நகரும் நடைபாதை எல்லாம். படிக்கட்டு உள்ள இடத்தில் சாய்தளம் இருக்க வேண்டும். அதற்கும் கணக்கு உண்டு. 1 அடி உயரம் ஏற 12 அடி நீளம் சாய்தளம். அதைவிடச் செங்குத்தாகக் கட்டினால் சக்கர நாற்காலியில் இருப்பவர் தானாக ஏற முடியாது. உங்கள் பள்ளியில் சாய்தளம் இருந்தால் ஸ்கேலும் கையுமாகப் போய் அளந்து பாருங்களேன்!

நடக்க முடியாதவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே விமான நிறுவனத்திடம் சொல்லிவிட்டால் சக்கர நாற்காலியும் தள்ளிக்கொண்டு போக ஆளும் தருவார்கள். விமானத்தின் வாசலுக்கே கொண்டுபோய் விடும் 'ஏரோபிரிட்ஜ்' இன்னொரு வசதி. தொலைநோக்கிக் குழாய் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளும் நடைபாதை அது. வெயில், மழை, படிக்கட்டு எதுவும் இல்லாமல் உள்ளே போய்விடலாம்.

தரையில் சில இடங்களில் மஞ்சள் நிறத்தில் புடைப்பான கோடுகளும் புள்ளிகளும் பார்த்திருப்பீர்கள். கண் தெரியாதவர்கள் காலாலும் கைத்தடியாலும் வழி அறிவதற்காக அவை. கோடு என்றால் 'போகலாம்', புள்ளி என்றால் 'நில், கவனி'. ஜப்பானைச் சேர்ந்த செய்இச்சி மியாகே என்பவர் கண்டுபிடித்தது. 1967-இல் ஒகயாமா நகரில் முதன்முதலாகப் பதித்தார்கள். அதன் மேல் பெட்டியை வைத்து மறைத்துவிடாதீர்கள் குட்டீஸ். அது ஒருவருடைய சாலை!

பல விமான நிலையங்களில் இப்போது ஒவ்வொரு விமானத்துக்கும் ஒலிபெருக்கியில் அறிவிப்பதில்லை. இரைச்சல் குறையும் என்பது உண்மை. ஆனால், திரையைப் பார்க்க முடியாதவர்களுக்கு யார் சொல்வது? ஒருவருக்கு வசதியாக இருப்பது இன்னொருவருக்குக் கஷ்டமாகலாம். வடிவமைப்பாளர் இரண்டு பேரையும் நினைக்க வேண்டியிருக்கிறது.

கூரையும் கண்ணாடியும்

நவீன முனையங்களில் கூரை ஏன் அவ்வளவு உயரம்? தூண்கள் ஏன் குறைவு? பாட்டி தலையை நிமிர்த்திப் பார்த்தால் அடுத்துப் போக வேண்டிய இடம் தெரிய வேண்டும். அதற்காகத்தான். லண்டன் அருகே ஸ்டான்ஸ்டெட் முனையத்தை நார்மன் ஃபாஸ்டர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். 1991-இல் திறந்தார்கள். வழக்கமாகக் கூரையில் ஏற்றும் ஏ.சி. குழாய்களை எல்லாம் அவர் தரைக்குக் கீழே கொண்டுபோய்விட்டார். கூரை லேசானது. மேலேயிருந்து பகல் வெளிச்சம் உள்ளே வந்தது. நம் பழைய வீடுகளில் முற்றம் வழியாக வெளிச்சம் வருமே, அதுபோல!

கண்ணாடிச் சுவருக்கும் அதே காரணம். வெளியே விமானம் தெரிந்தால் எந்தத் திசையில் போக வேண்டும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஆனால், கண்ணாடிக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. சென்னையில் 2013-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட முனையங்களில் கண்ணாடிகளும் கூரைப் பலகைகளும் பலமுறை உடைந்து விழுந்தன. செய்தித்தாள்களில் எண்ணிக்கை போட்டு எழுதும் அளவுக்கு ஆனது.

கண்ணாடியில் இரண்டு வகை உண்டு. வெப்பத்தால் கடினமாக்கிய கண்ணாடி உடைந்தால் சின்னச் சின்னத் துண்டுகளாக மொத்தமாகக் கொட்டிவிடும். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒட்டும் தாள் வைத்த கண்ணாடி உடைந்தாலும் துண்டுகள் தாளிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். காரின் முன் கண்ணாடி இந்த இரண்டாவது வகை. தலைக்கு மேலே எதை வைக்கிறோம் என்பதைக் கட்டுகிறவர்கள் நூறு முறை யோசிக்க வேண்டும் என்பதுதான் பாடம்.

கட்டடம் மட்டும் போதாது

2008-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் தேதி லண்டன் ஹீத்ரூ விமான நிலையத்தில் ஐந்தாவது முனையம் திறக்கப்பட்டது. உலகமே வியந்த கட்டடம். முதல் நாளே குழப்பம்! வேலைக்கு வந்தவர்களுக்கு வண்டி நிறுத்த இடம் கிடைக்கவில்லை. சிலரால் கம்ப்யூட்டருக்குள் நுழைய முடியவில்லை. பெட்டிகள் மலைபோல் குவிந்தன. முதல் சில நாட்களில் நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்தாயின.

கட்டடம் எவ்வளவு பெரிதானாலும் அதில் வேலை செய்கிறவர்களுக்குப் பழக்கம் வேண்டும். பாட்டி தவித்து நின்றால் "வாங்கம்மா, எங்கே போகணும்?" என்று கேட்க ஒரு மனிதர் வேண்டும். அதற்கு எந்தக் கருவியும் ஈடில்லை.

எல்லாரையும்விடப் பெரிய வாத்தியார்

பாட்டியின் பரீட்சையைவிடக் கடினமான பரீட்சை ஒன்று உண்டு. அதை வைப்பது மழை!

செங்கல்பட்டை 'ஏரி மாவட்டம்' என்பார்கள். நம் முன்னோர் ஒரு ஏரி நிறைந்தால் அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும்படி சங்கிலி மாதிரி வெட்டி வைத்தார்கள். தாம்பரத்துக்குத் தெற்கே ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் தண்ணீரையும் வேறு பல ஏரிகளின் உபரி நீரையும் சேர்த்துக்கொண்டு அடையாறு கடலுக்கு ஓடுகிறது. அது விமான நிலையத்தின் ஓரமாகத்தான் போகிறது. விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதையை ஆற்றைத் தாண்டிப் பாலம் கட்டி நீட்டியிருக்கிறார்கள்!

2015 டிசம்பர் 1-ஆம் தேதி கொட்டிய மழையில் அடையாறு கரை புரண்டது. ஓடுபாதை முழுவதும் தண்ணீர். விமானங்கள் வெள்ளத்தில் நின்றன. உள்ளே இருந்த பயணிகள் வெளியே போக முடியாமல் தவித்தார்கள். பயணிகள் விமானங்கள் 6-ஆம் தேதிதான் மறுபடி ஓடத் தொடங்கின. அதுவரை அரக்கோணத்தில் இருக்கும் கடற்படை விமானத் தளம் கைகொடுத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் ஓடுபாதையில் தண்ணீர் புகுந்து விமான நிலையத்தை மூட வேண்டியதாயிற்று.

இது சென்னைக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்று 2015-இல் பெயர் வாங்கியது கொச்சி. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதுவும் மூழ்கி, இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. ஜப்பானில் கடலுக்குள் மண் கொட்டித் தீவு உண்டாக்கி, 1994-இல் கன்சாய் விமான நிலையத்தைத் திறந்தார்கள். தீவு கொஞ்சம் கொஞ்சமாக அமிழும் என்று அவர்களுக்கு முன்பே தெரியும். அதனால் முனையத்தின் தூண்களை ஜாக்கி வைத்துத் தூக்கிச் சரிசெய்யும்படி கட்டினார்கள். அப்படியும் 2018 செப்டம்பரில் ஒரு புயல் கடலை உள்ளே கொண்டுவந்துவிட்டது.

சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் வேண்டும் என்று காஞ்சிபுரம் மாவட்டம் பரந்தூரைத் தேர்ந்தெடுத்திருப்பதாக 2022-இல் அறிவிப்பு வந்தது. அங்கே வயல்களும் ஏரிகளும் இருக்கின்றன. ஏகனாபுரம் உள்ளிட்ட ஊர்களின் மக்கள், "எங்கள் நிலமும் ஏரியும் போய்விடும்" என்று போராடினார்கள். பெருகும் பயணிகளுக்கு இடம் வேண்டும் என்பது ஒரு பக்கம். தண்ணீருக்கு வழியும் சாப்பாட்டுக்கு வயலும் வேண்டும் என்பது இன்னொரு பக்கம். இரண்டையும் எடை போடத் தெரிந்த பொறியாளர்கள் நாளைக்கு நமக்கு நிறையத் தேவைப்படுவார்கள். அது உங்களில் ஒருவராக இருக்கலாம்!

மாமல்லபுரத்தின் 'அர்ச்சுனன் தபசு' சிற்பத்தை நினைத்துப் பாருங்கள். பெரிய பாறையின் நடுவே ஒரு பிளவு. அதில் நாகர்கள். மேலே தொட்டி கட்டி, அந்தப் பிளவு வழியாகத் தண்ணீர் வழியவிட்டிருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். சிற்பி பிளவை அடைக்கவில்லை. தண்ணீர் போகும் வழியை வைத்துக்கொண்டே சிற்பத்தைச் செய்தார். 1,300 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பாறை இன்றைய விமான நிலையங்களுக்கும் ஒரு பாடம்தான்.

உங்களுக்குத் தெரியுமா?

* ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மூன்று எழுத்துச் சுருக்கப் பெயர் உண்டு. சென்னைக்கு 'எம்.ஏ.ஏ.'. மெட்ராஸ் என்ற பழைய பெயரிலிருந்து வந்தது. 1996-இல் ஊர்ப் பெயர் மாறியது. சுருக்கப் பெயர் மாறவில்லை!

* சென்னையின் பெரிய ஓடுபாதைக்கு 07/25 என்று பெயர். ஒரு முனையிலிருந்து பார்த்தால் திசைகாட்டியில் ஏறக்குறைய 70 டிகிரி, மறுமுனையிலிருந்து 250 டிகிரி. கடைசி பூஜ்யத்தை விட்டுவிடுவார்கள். இரண்டாவது ஓடுபாதை 12/30. எந்த ஓடுபாதையிலும் இரண்டு எண்களுக்கும் வித்தியாசம் 18 இருக்கும்.

* பாட்டி போய் இறங்கும் சாங்கி விமான நிலையத்தில், 2019-இல் திறந்த 'ஜுவல்' கட்டடத்துக்குள் 40 மீட்டர் உயர அருவி இருக்கிறது. உலகிலேயே கட்டடத்துக்குள் விழும் மிக உயரமான அருவி அதுதான்.

மார்க் நீங்கள் போடுங்கள்

பாட்டி ஜன்னல் ஓரம் உட்கார்ந்துவிட்டார். நாம் வைத்த பரீட்சைக்கு மார்க்? நீங்களோ உங்கள் வீட்டில் யாரேனுமோ அடுத்த முறை விமான நிலையம் போகும்போது போடுங்கள். பலகை பளிச்சென்று தெரிந்ததா? சாய்தளம் இருந்ததா? மஞ்சள் பாதையை யாரும் மறைக்கவில்லையே? தாத்தா பாட்டிகள் உட்கார நாற்காலி இருந்ததா? யாராவது தவித்து நின்றார்களா?

விமான நிலையம் போக வாய்ப்பு இல்லையா? கவலையே வேண்டாம். செங்கல்பட்டு ரயில் நிலையம், கிளாம்பாக்கம் பேருந்து முனையம், உங்கள் ஊர் ஆஸ்பத்திரி எதுவானாலும் சரி, இதே கேள்விகளோடு ஒரு சுற்று வாருங்கள்.

அங்கே யாராவது ஒரு பாட்டி "தம்பி, எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டால், கட்டடம் ஃபெயில். நீங்கள் கூடப் போய் வழி காட்டினால், நீங்கள் பாஸ்!